மூணாம் நம்பர் சிலிண்டர் மட்டும் ஏன் கொதிச்சுது: ஒரு செஸ்னா 172-ல பேஃபிள் மாட்டின கேஸ்

டெக் லாக்ல (விமானத்தோட கோளாறை பைலட் எழுதுற புத்தகம்) எழுதியிருந்தது ஒரே வரி. ஏறும்போது 3-ஆம் சிலிண்டர் 455, மத்தது நார்மல். அவ்ளோதான். கீழ கையெழுத்து. அந்த ஒரு வரிக்காக நாங்க ரெண்டு வாரம் மலேசியால சுபாங் ஏர்போர்ட் ஹேங்கர்ல மல்லுக்கட்டினோம், கடைசில புது பார்ட்னு வாங்கினது ரெண்டு மீட்டருக்கும் கம்மியான ரப்பரும் ஒரு ட்யூப் சிலிக்கோனும்தான். இதை முழுசா எழுதி வைக்கலாம்னு தோணுச்சு, ஏன்னா இதே கம்ப்ளெயின்ட் இன்னொரு வண்டியில வந்தா எங்கிட்ட இருக்கிற தம்பிங்க முதல்ல கார்புரேட்டரைத்தான் கழட்டுவாங்க, நானும் அதைத்தான் செஞ்சேன்.

வண்டி செஸ்னா 172பி (P), இஞ்சின் லைகோமிங் ஓ-320-டி2ஜே, 160 குதிரை சக்தி, நாலு சிலிண்டர், காத்துல ஆறுற இஞ்சின். லைகோமிங் கணக்குல வலது பக்கம் முன்னாடி 1, அதுக்குப் பின்னாடி 3, இடது பக்கம் முன்னாடி 2, பின்னாடி 4 (பைலட் சீட்ல உக்காந்து பாக்கிற வலது இடது, முன்னாடி நின்னு பாத்தா குழம்பிடும், குழம்பினவங்களை நான் பாத்திருக்கேன்). நம்ம கிட்ட வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி வேற ஒரு இடத்துல 3-ஆம் சிலிண்டரை கழட்டி மாத்தியிருக்காங்க, அப்பவே பேஃபிள் (இஞ்சினைச் சுத்தி நிக்கிற தகடு, விவரம் பின்னாடி சொல்றேன்) ரப்பரும் பழசாச்சுன்னு புதுசு போட்டிருக்காங்க. எந்த இடம்னு இங்க வேணாம், வேலை சுத்தமாத்தான் தெரிஞ்சுது, புது ரப்பர் செவப்பா பளபளன்னு இருந்துச்சு, அந்த பளபளப்புதான் எங்களை ஏமாத்துச்சுன்னு இப்ப தோணுது.

455ங்கிறது ஃபாரன்ஹைட். வெளிய வெயில் 33ன்னு செல்சியஸ்ல பேசுவோம், சிலிண்டர் சூடு மட்டும் ஃபாரன்ஹைட்ல பேசுவோம், ஏன்னு கேக்காதீங்க, ஃபீல்டு அப்படித்தான் ஓடுது. லைகோமிங் போட்டிருக்கிற உச்ச வரம்பு 500. ஆனா சிலிண்டர் ரொம்ப நாள் உழைக்கணும்னா வேகமா பறக்கும்போது 435-க்கு கீழ, சிக்கனமா பறக்கும்போது 400-க்கு கீழ வச்சுக்கோன்னு அவங்களே சொல்றாங்க. வண்டியை ஓட்டுற கேப்டன் சொன்ன வாதம், 500 வரைக்கும் இருக்குல்ல, இன்னும் 45 டிகிரி பாக்கி இருக்குல்லனு. பாக்கி இருக்கு சார், ஆனா அந்த சிலிண்டர் தலை, அதாவது ஹெட், அலுமினியம், 400 தாண்டிப் போகப்போக அதோட பலம் வேகமா எறங்கும், எக்ஸாஸ்ட் வால்வ் கைடு தேயும், அப்புறம் இன்னொரு சிலிண்டருக்கு காசு எண்ணி வைக்கணும்னு சொன்னதும்தான் வண்டியை விட்டுட்டுப் போனார்.

முதல் நாலு நாள் வீணாப்போச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா சுத்தி வளைச்சோம். மேக்னெட்டோ டைமிங் (ப்ளக்ல பொறி அடிக்கிற நேரம்) பாத்தோம், 25 டிகிரி, சரியா நின்னுச்சு. இன்டேக் பைப் கேஸ்கெட் லீக் இருந்தா அந்த ஒரு சிலிண்டர் மட்டும் லீனா (பெட்ரோல் கம்மி, காத்து கூட) ஓடி சூடாகும், அதையும் பாத்தோம், லீக் இல்லை. கார்புரேட்டர் கழட்டி பாத்தோம் (இது என் ஐடியா, பெரியவர் அப்பவே வேணாம்னார்). ஒண்ணும் கெடைக்கலை.

எங்க பெரியவர் லைசென்ஸ்டு இஞ்சினியர், முப்பது வருஷத்துக்கு மேல இந்த வேலை, நாங்க அண்ணேன்னுதான் கூப்பிடுவோம். அவர் தே தாரிக்கை (இழுத்து ஆத்துற பால் டீ) கலக்கிக்கிட்டே கேட்டது, "டேய், அந்த 455 பொய் சொல்லலைன்னு உனக்கு யாருடா சொன்னா?" அப்பதான் ப்ரோப்பை, அதாவது சூடு அளக்கிற சென்சாரை, பாத்தோம். இந்த வண்டியில 3-ஆம் சிலிண்டர்ல இருக்கிற ப்ரோப் ஓட்டையை பழைய ஒத்தை ஊசி கேஜோட ப்ரோப் புடிச்சுக்கிச்சு, அதனால எஞ்சின் மானிட்டர் போட்டவங்க 3-க்கு மட்டும் கீழ் ஸ்பார்க் ப்ளக்குக்கு அடியில வாஷர் மாதிரி உக்கார்ற ப்ரோப்பை போட்டிருக்காங்க, மத்த மூணுக்கும் ஹெட்டுக்குள்ள திருகுற ப்ரோப். ரெண்டும் ஒரே சூட்டை ஒரே மாதிரி காட்டாது. அந்த வாஷர் ப்ரோப்பை கழட்டி 1-ல போட்டு பறக்க விட்டோம், 1 திடீர்னு 20 டிகிரி கூட காட்டுச்சு. ஆக 455-ல 20 டிகிரி ப்ரோப்போட பங்கு. மீதி நெஜம். 435 ஆனாலும் பக்கத்துல இருக்கிற 1-ஆம் சிலிண்டர் 388-ல நிக்கும்போது இது 435-ல நின்னா ஏதோ காத்து திருடுதுன்னு அர்த்தம்.

இங்க பேஃபிள்னா என்னன்னு கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா பேர் கேட்டா காத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி விடுற தகடுனு நெனைச்சுக்குவாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனைச்சேன். அது ஒரு பெட்டியோட சுவர். ப்ரொப்பெல்லர் பக்கத்துல ரெண்டு ஓட்டை இருக்குல்ல, அது வழியா காத்து உள்ள வருது, இஞ்சினுக்கு மேல இருக்கிற இடம்தான் பெட்டி, மேல மூடி கௌலிங் (இஞ்சினை மூடுற வெளி உறை), கீழ தரை சிலிண்டருங்க, சுத்தி சுவர் இந்த அலுமினிய தகடு. தகட்டுக்கும் கௌலிங்குக்கும் நடுவுல இடைவெளி விடணும், ஏன்னா இஞ்சின் ரப்பர் மவுண்ட்ல ஆடும், கௌலிங் ஆடாது, அந்த இடைவெளியை அடைக்கத்தான் சிலிக்கோன் ரப்பர் பட்டை. பெட்டிக்குள்ள அழுத்தம் கூட, இஞ்சினுக்கு கீழ அழுத்தம் கம்மி, அதனால காத்து சிலிண்டர் ஃபின்களுக்கு (சூடு ஆற சிலிண்டரைச் சுத்தி நீட்டிக்கிட்டு இருக்கிற மெல்லிய இதழுங்க) நடுவுல பூந்து கீழ எறங்கி சூட்டை எடுத்துக்கிட்டு பின்னாடி வெளிய போகும். அவ்வளவுதான் சிஸ்டம், ஃபேன் கெடையாது, தண்ணி கெடையாது.

இந்த அழுத்தம் எவ்ளோன்னு நெனைக்கிறீங்க? 172பி-ய கீழ்மட்டத்துல ஏத்துற வேகம் 76 நாட். அந்த வேகத்துல காத்து மோதுற முழு அழுத்தமே சுமார் 9.5 சென்டிமீட்டர் உயரத் தண்ணி குடுக்கிற அழுத்தம்தான், அதாவது மாமாக் கடை தே தாரிக் கிளாஸோட உயரம். ப்ரொப்பெல்லர் தள்ளுறதுல கொஞ்சம் கூடும், கீழ் கௌலிங் அழுத்தம் கொஞ்சம் கழிக்கும். 110 நாட்ல நேரா பறந்தா அது 20 சென்டிமீட்டர், ரெண்டு மடங்குக்கு மேல. அதனாலதான் கம்ப்ளெயின்ட் எப்பவும் ஏறும்போது வருது, இஞ்சின் முழு பவர்ல கொதிக்குது, காத்தோட அழுத்தமோ பாதிதான். அந்த ஒரு கிளாஸ் தண்ணி அழுத்தத்தை வச்சுத்தான் நாலு சிலிண்டரையும் ஆத்தணும், அதுல ஓட்டை விட்டா என்ன ஆகும்? 3 மில்லிமீட்டர் இடைவெளி, 60 சென்டிமீட்டர் நீளம், கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா கணக்கு போட்டா 18 சதுர சென்டிமீட்டர், ஒரே ஓட்டையா சேத்தா கோல்ஃப் பந்து உள்ள போகும். காத்து சோம்பேறி. ஃபின் நடுவுல நெருக்கியடிச்சு போறதை விட அந்த ஓட்டைல சுலபமா போயிடும்.

எங்கப்பா செந்தூல்ல ஒரு பழைய பீட்டில் கார் வச்சிருந்தார், அதுவும் காத்துல ஆறுற நாலு சிலிண்டர், அதுலயும் 3-ஆம் நம்பர்தான் எப்பவும் தொல்லை. அதுல காரணம் வேற, ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளயே நின்னு 3-க்கு போற காத்தை மறைச்சிரும், 1971-லதான் கூலரை தனியா ஒரு கூண்டுல தள்ளி வச்சாங்க. அப்பா இஞ்சின் ரூம் ஓரத்து ரப்பர் கிழிஞ்சாலே மாத்திடுவார், சூட்டுக் காத்து கீழேர்ந்து மேல ஏறி ஃபேனுக்குள்ளயே திரும்ப வரும்னு திட்டிக்கிட்டே மாத்துவார். அந்தத் திட்டு அப்ப எனக்குப் புரியலை.

சரி, கேஸுக்கு வருவோம். மேல் கௌலிங் கழட்டினோம். ரப்பர் புதுசு, ரிவெட் வரிசையா இருக்கு, பின்னாடி அலுமினிய பட்டை வச்சு ரிவெட் அடிச்சிருக்காங்க, அது நல்ல பழக்கம், இல்லைன்னா ரிவெட் தலை ரப்பரை கிழிச்சிட்டு வந்துரும். எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பின் சுவர்ல, வலது பக்கம், ரப்பரோட மேல் நுனி பின்னாடி ஃபயர்வால் (இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற சுவர்) பக்கமா சாஞ்சு நின்னுச்சு. இதுதான் முதல் தப்பு. ரப்பர் எப்பவும் பெட்டிக்கு உள்பக்கமா, அழுத்தம் இருக்கிற பக்கமா வளையணும். அப்பதான் அழுத்தம் ஏற ஏற அதை கௌலிங் மேல ஒட்ட வைக்கும். பின்னாடி சாஞ்சா அதே அழுத்தம் அதை தள்ளித் திறந்து விடும், பறக்காம ஹேங்கர்ல நிக்கும்போது மூடியே இருக்கும், மேல போனதும் கதவு மாதிரி திறக்கும். ரப்பர் ரோலா வரும்போதே ஒரு பக்கமா சுருண்டிருக்கும், அந்தச் சுருளை பாக்காம திருப்பி அடிச்சிட்டாங்க.

அந்தத் துண்டை எடுத்துட்டு புதுசு வெட்டினோம். ரப்பரும் கண்டதை வாங்கி ஒட்டல, பார்ட்ஸ் புக்குல இருக்கிறது, பேப்பரோட வந்தது, உள்ள ஃபைபர்கிளாஸ் துணி வச்ச சிலிக்கோன். நேரா ரப்பர்லயே வெட்டக்கூடாது, முதல்ல அட்டையில வெட்டணும். நாங்க மைலோ அட்டைப்பெட்டிதான் யூஸ் பண்றோம், அந்த தடிமன் சரியா இருக்கு, வளைஞ்சு நிக்கும், மார்க்கர் நல்லா எழுதும். தகட்டோட மேல் ஓரத்துக்கும் கௌலிங்குக்கும் எங்க எவ்வளவு இடைவெளின்னு தெரிய, தகட்டு ஓரத்துல களிமண் உருண்டைங்களை (பிள்ளைங்க வெளையாடுற கலர் களிமண்) அரை அடிக்கு ஒண்ணு வச்சு, மேல ப்ளாஸ்டிக் தாள் போட்டு, கௌலிங்கை வச்சு மூடி எல்லா ஸ்க்ரூவையும் போட்டுத் திறந்தா நசுங்கின உருண்டையோட உயரம்தான் இடைவெளி. சில எடத்துல 10 மில்லிமீட்டர், வலது மூலையில 19. பாதி ஸ்க்ரூ போட்டு பாத்தா தப்பா வரும், முழுசா போடணும். அளந்து முடிச்சதும் உருண்டையை எண்ணி எடுத்துருங்க, ஒண்ணு உள்ள தங்கினா ஃபின் நடுவுல உருகி ஒட்டிக்கும்.

போட்டு பறக்க விட்டோம். காலைல 7:30 மணி, ஏன்னா ஏப்ரல்ல சுபாங்ல சாயங்காலம் ஆனா இடி மழை நிச்சயம், அதோட ரெண்டு டெஸ்ட்டை ஒப்பிடணும்னா வெளிச் சூடு ஒண்ணா இருக்கணும், ரெண்டையும் ஒரே அளவுல கணக்கு போட்டா, வெளிய எத்தனை டிகிரி ஏறுதோ கிட்டத்தட்ட அத்தனை டிகிரி சிலிண்டரும் ஏறும். ஃபுல் த்ராட்டில், மிக்ஸ்ச்சர் ஃபுல் ரிச், 76 நாட், 3,000 அடி வரைக்கும். 3-ஆம் நம்பர் 447. எட்டே எட்டு டிகிரி. தம்பி என் மூஞ்சிய பாத்தான், நான் அண்ணன் மூஞ்சிய பாத்தேன், அண்ணன் ராத்திரி வாங்கடானு சொல்லிட்டு சாப்பிடப் போயிட்டார்.

ராத்திரி வேலை இதுதான். ஹேங்கர் லைட் எல்லாத்தையும் அணைச்சோம். கௌலிங் முழுசா மூடியிருக்கு. கீழ, காத்து வெளிய போற வாய் வழியா நல்ல பவர் உள்ள எல்இடி டார்ச்சை உள்ள விட்டு மேல பாத்த மாதிரி வச்சோம், அப்புறம் முன்னாடி காத்து ஓட்டை வழியா ஒருத்தன், ஆயில் ஊத்துற சின்ன கதவு வழியா ஒருத்தன் எட்டிப் பாத்தோம். ஃபின்களுக்கு நடுவுல வெளிச்சம் வரணும், அது நியாயமான வெளிச்சம், மெல்லிசா கோடு கோடா வரும். வேற எங்க வந்தாலும் திருட்டு. வலது பின் மூலையில தீபாவளி மத்தாப்பு மாதிரி அடிச்சுது பாருங்க. பின் சுவர் ரப்பரும் பக்க சுவர் ரப்பரும் சேர்ற எடத்துல நான் வெட்டினது மூலையில சுருங்கி ஒரு மடிப்பு விழுந்திருக்கு, மடிப்புக்குள்ள விரல் போகுது. கௌலிங் திறந்து பாத்தா அது தெரியாது, மூடினா மட்டும்தான் மடிப்பு விழும். என் கை வேலைதான், வேற யாரையும் சொல்ல முடியாது. இன்னொண்ணு, இஞ்சின் க்ராங்க் கேஸும் (சிலிண்டருங்க மாட்டியிருக்கிற நடு உடம்பு) பின் தகடும் சேர்ற எடத்துல கையளவு நீளத்துக்கு கோடு மாதிரி வெளிச்சம், அங்க பழைய சிலிக்கோனை சுரண்டி எடுத்தவங்க திரும்ப போடவே இல்லை.

மறுநாள் மூலை ரப்பரை ரெண்டு துண்டா வெட்டி கூரை ஓடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏற வச்சோம், வளைவுல ஒரே துண்டை இழுத்து வச்சா கண்டிப்பா மடியும், சின்னதா வெட்டு போட்டு மேல ஏத்தினாதான் படியும். க்ராங்க் கேஸ் இடுக்குல எண்ணெய் சுத்தமா துடைச்சு சூடு தாங்குற செவப்பு ஆர்டிவி (ட்யூப்ல வர்ற சிலிக்கோன் பசை) போட்டோம். ஒரு ராத்திரி காய விடணும், ஹேங்கர் முழுக்க சூக்கா (வினிகர்) வாசனை. ஃபின் மேல ஆர்டிவி வழியாம பாத்துக்கணும், அடைச்சு கெடுத்தவங்களும் இருக்காங்க. அடுத்த ஃப்ளைட், 1-ல 380, 2-ல 388, 4-ல 398 (முன்னாடி 417 இருந்துச்சு), 3-ல 432. ஆகா, 4-ஆம் நம்பர் 19 டிகிரி எறங்குச்சு, நாம அந்தப் பக்கம் கையே வைக்கலையே! ஒரே பெட்டி, ஓட்டை வலது மூலையில இருந்தாலும் இடது பக்க சிலிண்டருக்கும் அழுத்தம் கம்மிதான்.

ஆனா 3 இன்னும் தனியா நின்னுச்சு. ப்ரோப்போட 20-ஐ கழிச்சாலும் 412. பெட்டி இப்ப டைட், அப்ப காத்து ஃபின் வரைக்கும் வருது, வந்தும் வேலை செய்யலை. கீழ கௌலிங்கையும் கழட்டினோம்.

இங்கதான் யாருமே பாக்காத தகடு இருக்கு. 1-க்கும் 3-க்கும் நடுவுல, கீழ் பக்கமா, ரெண்டு சிலிண்டரோட வயித்தையும் கட்டிப் புடிச்ச மாதிரி வளைஞ்ச ஒரு சின்ன தகடு. மேலேர்ந்து வர்ற காத்து சிலிண்டரைத் தாண்டியதும் நேரா கீழ விழாம ஃபின்னை ஒட்டியே வளைஞ்சு அடி வரைக்கும் போக அதுதான் காரணம். அது இல்லாட்டி சிலிண்டரோட மேல்பாதிதான் ஆறும், கீழ்பாதிக்கு காத்து தொடவே தொடாது. சிலிண்டர் மாத்தும்போது இதை கழட்டியே ஆகணும், திரும்ப மாட்டும்போது கம்பிக் கொக்கியை இழுத்து இறுக்கணும், எக்ஸாஸ்ட் பைப் இன்டேக் பைப் எல்லாம் குறுக்க இருக்கும், கை போகாது, கண்ணாடி புடிச்சுக்கிட்டு வேலை செய்யணும், விரல் தோல் கிழியும். இதுல கொக்கி மாட்டியிருக்கு, ஆனா இறுகலை, 3-ஆம் சிலிண்டர் பக்கம் தகடு 6, 7 மில்லிமீட்டர் தள்ளி தொங்குது. தம்பி சுண்டுவிரலை விட்டு ஆட்டினான், டக் டக்குனு சத்தம் வந்துச்சு. நாங்க மூணு பேரும் கொஞ்ச நேரம் பேசலை. கார்புரேட்டர் கழட்டின நாள் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

கொக்கியை சரி பண்ணி தகட்டை ஒட்ட இழுத்துக் கட்ட அரை மணி நேரம். அடுத்த காலை ஃப்ளைட்ல 1-ல 376, 2-ல 389, 4-ல 398, 3-ல 411. ப்ரோப் கணக்கு கழிச்சா 391. வலது பக்க ரெண்டு மட்டும் எறங்கிச்சு, இடது பக்கம் அசையலை, அதுவே சாட்சி.

பக்கத்துல இருக்கிற 1-ஐ விட 3 இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கு, அதுக்கு மேல நான் நோண்டலை. இந்த லைகோமிங் ஹெட்ல ஒரு பக்கம் ஃபின் ஆழமே கெடையாது, அதே சிலிண்டரை ரெண்டு பக்கமும் திருப்பி மாட்டுறதால அந்த மொட்டைப் பக்கம் 2-க்கு முன்னாடியும் 3-க்கு பின்னாடியும் வந்து விழும். 3-க்கு பின்னாடி தகடு ஒட்டி நிக்கிறதால அங்க காத்து போக வழியே ரொம்ப சின்னது. வீட்டுல கட்டுற ஆர்வி விமானக்காரங்க அந்த தகட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல ஒரு வாஷர் வச்சு தள்ளி விட்டு வழி பண்ணிக்குவாங்க, நல்ல ஐடியாதான். ஆனா நம்ம வண்டி சர்ட்டிஃபைடு, அப்ரூவல் பேப்பர் இல்லாம ஒரு வாஷர் கூட சொந்தமா வைக்க முடியாது, வண்டி பறக்கலாம்னு ரிலீஸ் பேப்பர்ல கையெழுத்து போடுறது அண்ணன், நான் இல்லை. தம்பி கேட்டான், யாருக்குண்ணே தெரியப் போகுதுன்னு. அண்ணன் பதிலே சொல்லாம அவன் கையிலேர்ந்து வாஷரை வாங்கி டப்பால போட்டார்.

பில் குடுத்தப்ப கேப்டன் பாத்துட்டு சிரிச்சார், ரப்பருக்கா இவ்ளோ லேபர்னு. ரெண்டு கௌலிங்கையும் எத்தனை தடவை கழட்டினோம்னு தம்பி எண்ணி சொன்னான், அப்புறம் கார்டை நீட்டினார். கார்புரேட்டர் கழட்டின நாளுக்கு நாங்க காசு போடலை.

50 மணி நேரம் பறந்துட்டு செக்குக்கு வந்தப்ப மேல் கௌலிங்கை கழட்டி கவுத்து வச்சு உள்பக்கம் பாத்தோம். ரப்பர் உரசின எடத்துல கறுப்பா ஒரு கோடு விழுந்திருக்கும், கோடு எங்க அறுபடுதோ அங்க ரப்பர் தொடலைன்னு அர்த்தம். சுத்தி முழுசா வந்திருந்துச்சு, இடது முன் மூலையில மட்டும் கட்டைவிரல் நீளத்துக்கு இல்லை. அந்த எடத்துக்கு மைலோ அட்டை வெட்டி, மேல வண்டி நம்பரும் தேதியும் எழுதி, ட்ராயர்ல வச்சிருக்கேன், ரப்பர் வந்ததும் மாட்டணும்.